அயலினங்கள் உண்மையிலேயே தாங்குதிறன் மிக்கவையா? வறட்சி, உவர்ப்பு, நோய் குறித்து ஓர் ஐயம்

ஈரநிலம் (கேள்வி)

வணக்கம். ஊடுருவும் இனங்களைப் பற்றிய கட்டுரை எதை எடுத்தாலும் ஒரு விளக்கம் தவறாமல் இடம்பெறுகிறது. அயலிலிருந்து வந்த இனம் வறட்சி, உவர்ப்பு, வெப்பம், மாசு என எதையும் தாங்கக்கூடியது. அந்த மண்ணுக்கோ நீருக்கோ உரிய இயலினத்துக்கு அவ்வளவு வலு இல்லை. ஆகவே அது பின்வாங்குகிறது என்பார்கள். படிக்கும்போது பொருத்தமாகத் தோன்றும் இந்த விளக்கம், சற்று யோசித்தால் இடறுகிறது. ஓர் இடத்தின் கோடையையும் உப்பையும் பல்லாயிரம் ஆண்டுகளாக எதிர்கொண்டு அவற்றுக்கேற்பத் தகவமைந்த ஓர் இனத்தைவிட, அண்மையில் வந்து சேர்ந்த ஒன்று அதே கோடையையும் உப்பையும் நன்றாகத் தாங்குவது எப்படி?

இன்னோர் ஐயமும் உண்டு. சில ஆய்வுகளில் தாங்குதிறனும் எதிர்ப்புத்திறனும் ஏறக்குறைய ஒரே பொருளில் வருகின்றன. வேறு சிலவற்றில் இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்றுவழிகளாக எதிரெதிரே நிறுத்தப்படுகின்றன. அயலினத்தையும் இயலினத்தையும் ஒப்பிடும்போது இந்த வேறுபாட்டால் முடிவு மாறுமா, அல்லது இது வெறும் வகைப்பாட்டு நுணுக்கம்தானா?

முதுநிலைப் படிப்புக்காக ஓர் அயல் புல்லையும் ஓர் இயல் புல்லையும் தொட்டிகளில் வளர்த்து, நீரைக் குறைத்து ஒப்பிட்டுப் பார்க்க எண்ணியிருக்கிறேன். விதை வாங்குவதற்கு முன் இவ்விரண்டிலும் தெளிவு பெற விரும்புகிறேன்.

அடிவேர்

உங்கள் இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அது தெளிவானால்தான் முதல் கேள்விக்கு விடை சொல்ல முடியும்.

நெருக்கடி ஓர் உயிரியைப் பாதிக்கும் பாதையில் இரண்டு இடங்களில் தடுப்பு அமையலாம். பாதிப்பு உள்ளே வராமலேயே பார்த்துக்கொள்வது ஒன்று. வந்தபின்பும் உயிர் பிழைத்து, வளர்ந்து, விதையோ குஞ்சோ ஈனுவது குறையாமல் பார்த்துக்கொள்வது மற்றொன்று. பூச்சி, நோய் ஆகியவற்றைப் பற்றி எழுதுபவர்கள் முன்னதை எதிர்ப்புத்திறன் என்றும் பின்னதைத் தாங்குதிறன் என்றும் பிரிக்கிறார்கள். வறட்சி, உவர்ப்பு பற்றி எழுதும் தாவரச் செயலியலாளர்களிடம் வேறொரு மரபு உண்டு. அவர்களில் பலர், 1970களில் லெவிட் வகுத்தளித்த முறையைப் பின்பற்றி, எதிர்ப்பு என்பதை மொத்தப் பெயராகக் கொண்டு, தவிர்த்தல், தாங்குதல் என்ற இரண்டையும் அதன் உட்பிரிவுகளாக வைக்கிறார்கள். நீங்கள் கண்ட குழப்பம் பெரும்பாலும் இந்த இரு மரபுகள் கலப்பதால் வருவதுதான்.

ஆனால் பிரிவு வெறும் நுணுக்கமன்று. அரிசோனாவில் ஒரு திறந்தவெளிச் சுரங்கத்தில், சீமைக் கருவேலத்தின் பேரினத்தைச் சேர்ந்த மரத்தின் வேர் தரையிலிருந்து ஏறத்தாழ 53 மீட்டர் ஆழத்தில் காணப்பட்டதாக 1960இல் பதிவானது. அத்தகைய மரத்தை வறட்சியைத் தாங்கும் மரம் என்று சொல்வது பாதி உண்மைதான். மேல்மண் காய்ந்து கிடக்கும்போதும் அதன் வேர்நுனி ஈரத்தில் இருக்குமானால், அதன் திசுக்கள் வறட்சியைச் சந்திப்பதே இல்லை. நிலத்தடி நீரை எட்ட முடியாத பாறைப்பாங்கான இடத்தில் அதே மரம் எப்படி நடந்துகொள்ளும் என்பது தனிக் கேள்வி. ஓராண்டுச் செடிகளில் சில கோடைக்கு முன்பே விதைத்து முடித்துவிடுகின்றன. அதைத் தப்பித்தல் என்பார்கள். இலை வாடி, திசுக்களில் நீர் வெகுவாகக் குறைந்தும் சாகாமல் நின்று, மழை வந்ததும் துளிர்ப்பதே சரியான பொருளில் தாங்குதல். இம்மூன்றும் வெவ்வேறு சூழலில் வெல்லும், வெவ்வேறு சூழலில் தோற்கும்.

நோயில் இந்தப் பிரிவு இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. ஹவாய்த் தீவுகளுக்கு 1826ஆம் ஆண்டளவில் கப்பல் வழியே கியூலெக்ஸ் கொசு வந்து சேர்ந்தது. பறவை மலேரியா பின்னர் அயல் பறவைகளோடு வந்தது. அந்நோயை முன்பின் அறியாத தேன்கொடிப் பறவைகள் தாழ்நிலங்களில் அழிந்து, கொசு பெருக முடியாத குளிர்ந்த மலைப்பகுதிகளில் மட்டும் எஞ்சின. அவற்றுள் இயிவி என்னும் சிவப்புப் பறவையை ஆய்வகத்தில் நோய் தாங்கிய ஒரே ஒரு கொசு கடிக்கவிட்டபோதே பத்தில் ஒன்பது இறந்தன. அமாகிஹி என்னும் இன்னொரு இயற்பறவையோ சில தாழ்நிலங்களில் மீண்டும் பெருகத் தொடங்கியது. தாழ்நில அமாகிஹிகளையும் மலையில் வாழும் அமாகிஹிகளையும் ஒரே அளவு நோய்க்கு உட்படுத்தியபோது, தாழ்நிலப் பறவைகள் எடை குறைவாகவே இழந்தன; இறப்பும் குறைவாக இருந்தது. அதே நேரம், குருதியில் ஒட்டுண்ணியின் அளவு அதற்கேற்பக் குறைந்துவிடவில்லை. அவை நோயை விரட்டவில்லை, நோயோடு வாழக் கற்றுக்கொண்டன, இது தாங்குதிறன்.

இதனால் என்ன ஆகிறது என்றால், எதிர்ப்புத்திறன் பரவும்போது கிருமி குறையும். தாங்குதிறன் பரவும்போது கிருமி குறைய வேண்டிய தேவையே இல்லை. நோயைச் சுமந்துகொண்டு நலமாக உலவும் பறவை, கொசுவின் வழியே பக்கத்திலுள்ள இயிவிக்கு அதைத் தந்துகொண்டே இருக்கும். ஓர் இனத்தின் தாங்குதிறன் மற்றோர் இனத்துக்குப் புதிய நெருக்கடியாகிவிடுகிறது. இரண்டையும் ஒரே சொல்லில் அடைக்கும் ஆய்வு இதைக் காணத் தவறும்.

அலைவிளிம்பு

கடலுயிர்களோடு பணியாற்றுபவன் என்ற முறையில் உங்கள் முதல் கேள்விக்கு ஒரு பகுதி விடை தருகிறேன். வந்து சேர்ந்தவை தற்செயலாகப் பொறுக்கப்பட்டவை அல்ல என்பதை நினைவில் கொள்ள வேண்டும். கடலுயிர்கள் பல, கப்பல் சாயாமலிருக்க நீர் நிரப்பும் சமநிலைத் தொட்டியில் பயணம் செய்தே வருகின்றன. அந்தத் தொட்டி இருண்டது. வெப்பமும் உப்பும் வழியெங்கும் மாறிக்கொண்டே இருக்கும். உயிரற்றுப்போனவை வெளியேற்றப்படும் துறைமுகத்தில் கணக்கில் வருவதில்லை. பிழைத்தவற்றை மட்டும் பார்த்துவிட்டு, அயலினங்கள் எல்லாமே வலுவானவை என்று சொல்வது, வடிகட்டியைப் பார்க்காமல் வடிநீரை மட்டும் பார்த்துச் சொல்வதாகும்.

கப்பலின் அடிப்பகுதிக்குப் பூசும் செம்புச் சாயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உயிர்கள் ஒட்டாமலிருக்கவே அதைப் பூசுகிறார்கள். வாட்டர்சிபோரா என்னும் பாசிவிலங்கு அச்சாயத்தின் மீதே படர்ந்து வளர்கிறது. அது படர்ந்த இடம் நஞ்சற்ற தளமாகிவிடுவதால், செம்பைத் தாங்காத பிற உயிர்களும் அதன் முதுகில் ஏறிப் பயணம் செய்கின்றன. இவ்வாறு வந்தவை துறைமுகத்தில் இறங்கும்போது அங்கேயும் செம்பு கலந்த நீர்தான் காத்திருக்கிறது. ஆகவே மாசடைந்த துறைமுகத்தில் இயலினங்களின் வகை குறைவதும் அயலினங்களின் பங்கு கூடுவதும் வியப்புக்குரியதன்று. நீங்கள் கேட்ட புதிர் இங்கே எழுவதில்லை. செம்பு அந்த இடத்தின் பழைய நெருக்கடியே அன்று. இயலினம் அதற்குப் பழக வாய்ப்பே கிடைத்ததில்லை.

ஆனால் வடிகட்டி எல்லாவற்றுக்கும் பொதுவானதன்று. மத்தியதரைக் கடலின் மஸ்ஸல் மட்டியான மைட்டிலஸ் காலோப்ரோவின்சியாலிஸ், கடந்த நூற்றாண்டில் கலிபோர்னியாவின் தென்கரையில் பரவி, அங்கிருந்த இயலினமான மைட்டிலஸ் டிராசுலஸை இடம்பெயரச் செய்தது. இரண்டின் ஓட்டிலும் நுண்ணிய துளையிட்டு மின்முனை செருகி, நீரின் வெப்பத்தை மெல்ல ஏற்றிக்கொண்டே இதயத்துடிப்பைப் பதிவு செய்யலாம். வெப்பத்தோடு துடிப்பும் ஏறும். ஒரு புள்ளியில் திடீரென்று விழும். விழும் அந்த வெப்பநிலை அயல் மட்டிக்கு உயர்ந்தும் இயல் மட்டிக்குத் தாழ்ந்தும் இருக்கிறது. அதே சோதனையை உப்புக் குறைந்த நீரில் செய்தால் நிலைமை தலைகீழாகிறது. நன்னீர் கலப்பை இயல் மட்டியே நன்றாகத் தாங்குகிறது. வடக்கே, நீர் குளிர்ந்தும் மழையாலும் ஆற்றாலும் உப்புக் குறைந்தும் இருக்கும் கரைகளில் இயல் மட்டி தன் இடத்தை இன்னும் விடவில்லை. எது வலிமையான மட்டி என்று கேட்டால் விடை இல்லை. எந்த நெருக்கடிக்கு என்று சேர்த்துக் கேட்க வேண்டும்.

விதையுறை

அலைவிளிம்பு அவர்கள் சொன்னதோடு உடன்படுகிறேன். எனினும் வடிகட்டி என்னும் விளக்கம் நிலத்தாவரங்களுக்கு அவ்வளவாகப் பொருந்தாது என்று நினைக்கிறேன். நிலத்தில் பரவிய அயல் தாவரங்களில் மிகப் பலவற்றை மனிதர்களே அழகுக்கும் தீவனத்துக்கும் நிழலுக்கும் விரும்பிக் கொண்டுவந்து, நீரூற்றி வளர்த்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை தாங்குதிறனால் பெயர் பெற்றவை அல்ல. வளமான இடத்தில் வேகமாக வளர்வதால் பெயர் பெற்றவை.

ஆகாயத் தாமரையே போதும். உலகின் மிக மோசமான நூறு ஊடுருவும் இனங்கள் என்று வெளியான பட்டியலில் அது இடம்பெற்றிருக்கிறது. சத்து மிகுந்த வெதுவெதுப்பான நீரில் ஏறத்தாழ இரண்டு வாரத்தில் தன் பரப்பை இரட்டிப்பாக்கும். ஆனால் உறைபனியில் இலைகள் கருகிவிடும். கடல்நீரின் உப்பில் மூன்றில் ஒரு பங்குகூட அதற்குத் தாங்காது. ஆறு கடலில் கலக்குமிடத்துக்கு அடித்து வரப்பட்ட கூட்டங்கள் அங்கேயே மஞ்சளாகிச் சாகின்றன. அதற்குச் சற்றுத் தள்ளி, அலையாத்தி மரங்கள் இலையின் வழியே உப்பை வெளியேற்றிக்கொண்டு நிற்கின்றன. தாங்குதிறனில் இவ்விரண்டையும் ஒப்பிடுவதே பொருந்தாது. எனினும் அஞ்சப்படுவது ஆகாயத் தாமரைதான்.

இதை விரிந்த அளவில் பார்த்தவர்களும் இதையே சொல்கிறார்கள். ஒரே இடத்தில் வாழும் இயல், அயல் தாவரங்களை ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்து டேலர் 2003இல் எழுதியபோது, அயலினம் எங்கும் மேலோங்கவில்லை என்றும், ஒளியோ நீரோ சத்தோ குறைவான நிலைகளில் இயலினம் ஈடுகொடுப்பதோ முந்துவதோ வழக்கம் என்றும் கண்டார். டேவிட்சனும் உடனாய்வாளர்களும் 2011இல், ஊடுருவும் இனம் ஒன்றும் ஊடுருவாத இனம் ஒன்றுமாக அமைந்த எழுபத்தைந்து இணைகளைத் தொகுத்து நோக்கியபோது, ஊடுருவும் இனங்கள் சூழலுக்கேற்ப உருவை மாற்றிக்கொள்வதில் முந்தின. வளங்கள் குறைந்தபோதோ, தம் நிலையிலிருந்து வீழாமல் நின்றவை பெரும்பாலும் ஊடுருவாத இனங்கள்தாம். வளம் வந்தால் பாய்ந்து பிடிப்பது ஒரு திறன். வளம் போனபோது விழாமல் நிற்பது வேறொரு திறன்.

அப்படியானால் வறண்ட நிலங்களில் அயலினம் எப்படி வெல்கிறது என்று நீங்கள் கேட்பீர்கள். வட அமெரிக்காவின் மேற்கிலுள்ள பெரும்வடிநிலத்தில் பரவிய சீட் புல்லைப் பாருங்கள். அங்குள்ள இயற்புதரான சேஜ் வறட்சியையும் கடுங்குளிரையும் தாங்குவதில் கைதேர்ந்தது. புல் அதனோடு அந்தப் போட்டிக்குப் போவதே இல்லை. இலையுதிர்காலத்தில் முளைத்து, வசந்தத்தில் மேல்மண்ணின் ஈரத்தை உறிஞ்சி, கோடை தொடங்கும்போது விதைத்துவிட்டுக் காய்ந்துவிடுகிறது. காய்ந்த புல் புதர்களுக்கிடையே இருந்த வெற்றிடத்தை எரிபொருளால் நிரப்புகிறது. முன்பு பரவ வழியில்லாத தீ இப்போது பரவுகிறது. எரிந்த சேஜ் அடியிலிருந்து துளிர்க்காது. புல்லின் விதையோ அடுத்த ஈரத்தில் முளைத்துவிடும். இயலினம் பல்லாயிரம் ஆண்டுகளாகப் பழகிய நெருக்கடியில் தோற்கவில்லை, நெருக்கடியே மாற்றப்பட்டுவிட்டது. உங்கள் முதல் கேள்விக்கு என் விடை இதுதான்.

இடைக்குறிப்பாக ஒன்று. நம் கருவேலம் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் ஊடுருவும் இனம். 1890களில் கால்நடைகளுக்கு நிழலுக்காகக் கொண்டுபோனார்கள். அது புல்வெளிகளில் பெருமளவில் பரவியது வறட்சியில் அன்று. 1950களிலும் 1970களிலும் வந்த மழை மிகுந்த ஆண்டுகளில். கால்நடைகள் காயைத் தின்று சாணத்தில் விதையைப் பரப்பின. மரம் ஒன்றே, அதன் தாங்குதிறனும் ஒன்றே. ஓரிடத்தில் இயலினம், மற்றோரிடத்தில் அயலினம். அயல், இயல் என்பது இனத்தின் வரலாற்றைக் குறிப்பது, உடலியலைக் குறிப்பதன்று. இந்த எளிய செய்தியை ஆய்வுத் தாள்களில்கூடப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

நிழல்வலை

மேலே உள்ள மறுமொழிகள் அனைத்தும் இனத்தின் திறனை மாறாத ஒன்றாக எடுத்துக்கொள்கின்றன; அமாகிஹி மட்டும் விதிவிலக்கு. வந்தபின் இரு தரப்பும் மாறுகின்றன என்பதையும் சேர்க்க வேண்டும்.

பிளாசியும் நோட்ஸோல்டும் 1995இல் முன்வைத்த கருதுகோளின்படி, தன் பழைய பூச்சிகளை விட்டுவந்த செடிக்கு எதிர்ப்புத்திறன் வீண்செலவு. அந்த முதலீடு வளர்ச்சிக்குத் திரும்பும். சோதித்தவர்களுக்குக் கிடைத்த விடைகள் கலவையானவை. ஆனால் அமெரிக்காவில் ஊடுருவிய சீன டாலோ மரத்தை அதன் தாயகத்து மரங்களோடும் பூச்சிகளோடும் சேர்த்து வளர்த்துப் பார்த்தபோது, ஊடுருவிய மரங்களில் எதிர்ப்புத்திறன் குறைந்தும் தாங்குதிறன் கூடியும் இருந்தது. அவற்றைப் பூச்சி மிகுதியாகத் தின்கிறது. தின்னப்பட்ட பின்பும் அவை மீண்டும் வளர்ந்துவிடுகின்றன. இரண்டையும் ஒரே அளவீடாகக் கொண்டிருந்தால் இந்த மாற்றம் ஒன்றையொன்று கழித்து மறைந்தே போயிருக்கும்.

இயல் தரப்பிலும் அப்படியே. 1935இல் ஆஸ்திரேலியாவில் விடப்பட்ட கரும்புத் தேரையின் நஞ்சு, அதை விழுங்கிய பாம்புகளையும் உடும்புகளையும் கொன்றது. எழுபது ஆண்டுகள் கழிந்தபோது, தேரையோடு நெடுங்காலம் வாழ்ந்த பகுதிகளின் செவ்வயிற்றுக் கரும்பாம்புகள் அந்நஞ்சை முன்னைவிட எதிர்த்தன. தேரையைத் தின்னவும் தயங்கின. ஆசிய மூதாதையிலிருந்து வந்த அங்குள்ள நீர்க்கோலிக்கு அந்த எதிர்ப்பு முன்பே இருந்தது. ஆசியாவில் இயல் தேரைகள் உண்டு, ஆஸ்திரேலியாவில் இல்லை. உடும்புகளிலும் இதே வேறுபாடு, அந்நஞ்சு தாக்கும் செல்புரதமான சோடியம் பொட்டாசியம் ஏற்றியின் அமைப்பிலேயே தெரிகிறது. எனவே இயலினத்தின் பலவீனம் என்று நாம் சொல்வது பல சமயம் அறிமுகமின்மைதான். அது காலத்தோடு மாறக்கூடியது.

ஈரநிலம்

அனைவருக்கும் நன்றி. நெருக்கடியின் பெயரைச் சொல்லாமல் தாங்குதிறனைப் பேசக் கூடாது என்பது தெளிவாகிவிட்டது. என் தொட்டிச் சோதனையை இனி எப்படி அமைப்பது என்று தயவுசெய்து சொல்லுங்கள். நான் எண்ணியிருந்தது இது: இரண்டு புற்களுக்கும் பாதி நீர் மட்டும் ஊற்றி, நாற்பது நாள் கழித்து உயரத்தை அளப்பது.

அடிவேர்

அந்த அமைப்பில் மூன்று இடர்கள் உள்ளன, முதலாவதுதான் பெரியது.

இரண்டுக்கும் ஒரே அளவு நீர் ஊற்றினால் இரண்டுக்கும் ஒரே அளவு வறட்சி வராது. வேகமாக வளரும் புல்லின் இலைப்பரப்பு பெரிது; அது தொட்டியின் ஈரத்தை இரண்டு நாளில் குடித்துவிட்டு மூன்றாம் நாள் காயும். மெதுவாக வளரும் புல் அதே நீரில் ஐந்து நாள் ஈரமாக இருக்கும். பிறகு அயற்புல் வாடியது என்று எழுதுவீர்கள். உண்மையில் அது தனக்குத்தானே கடுமையான வறட்சியை உண்டாக்கிக்கொண்டது. ஆகவே தொட்டிகளை நாள்தோறும் எடைபோட்டு, இழந்த எடையை மட்டும் நீராக ஈடுசெய்து, எல்லாத் தொட்டியிலும் மண்ணீரத்தை ஒரே நிலையில் வையுங்கள். கடினமான வேலைதான், ஆனால் இதற்கு மாற்று இல்லை. இயன்றால் ஒரே அளவு நீர் ஊற்றும் தொகுதி ஒன்றையும் தனியே வைத்துக்கொள்ளுங்கள். வெளியே மழை அப்படித்தான் பெய்கிறது, இரண்டு தொகுதிக்கும் இடையே வரும் வேறுபாடே ஒரு செய்தி.

அடுத்தது கணக்கு. நல்ல நீரில் அயற்புல் 40 கிராம் என்றும் வறட்சியில் 20 கிராம் என்றும், இயற்புல் முறையே 10, 7 என்றும் வைத்துக்கொள்வோம். அயற்புல் பாதியை இழந்தது, இயற்புல் பத்தில் மூன்று பங்கை இழந்தது. ஆகவே தாங்குதிறன் இயற்புல்லுக்கே. ஆனால் வறட்சியிலும் தொட்டியில் பெரிதாக நிற்பது அயற்புல்தான். இரண்டு கூற்றும் சரி. இரண்டையும் தனித்தனியே அறிவிக்க வேண்டும். ஊடுருவல் பற்றிய பல சச்சரவுகள், ஒருவர் சரிவைச் சொல்லும்போது மற்றவர் எஞ்சி நிற்கும் சராசரி அளவைச் சொல்வதால் எழுபவை.

மூன்றாவது, ஓர் இணையை வைத்து அயல், இயல் பற்றி எதுவும் சொல்ல முடியாது. அந்த இரண்டு புற்களைப் பற்றி மட்டுமே சொல்லலாம். நெருங்கிய உறவுடைய நான்கைந்து இணைகளாவது தேவை. அயலிலிருந்து வந்தும் பரவாமல் நின்றுவிட்ட புற்களையும் அவற்றில் சேருங்கள்; பிழைத்தவற்றை மட்டும் பார்ப்பதாக அலைவிளிம்பு சொன்ன குறைபாட்டை அதனால்தான் ஓரளவு சரிசெய்ய முடியும்.

உயரத்தை அளக்க வேண்டாம். உலர் எடை, முடிந்தால் விதை எண்ணிக்கை, இவை போதும். வறட்சிக்குப் பின் மீண்டும் நீரூற்றி, எத்தனை செடி துளிர்க்கிறது என்று பாருங்கள். தாங்குதிறனில் பாதி அங்கேதான் தெரியும். கடைசியாக, தொட்டியின் ஆழம். ஓரடித் தொட்டியில் ஆழவேர்ப் புல்லுக்கு வறட்சியைத் தவிர்க்கும் வழியே அடைபட்டுவிடுகிறது. உயரமான நெகிழிக் குழாய்களில் மண் நிரப்பி வளர்க்க முடியுமானால் அதைச் செய்யுங்கள். முடியாவிட்டால், நீங்கள் அளந்தது தவிர்த்தல் நீக்கிய தாங்குதல் மட்டுமே என்பதை ஆய்வேட்டின் முறையியல் பகுதியிலேயே எழுதிவிடுங்கள்.